270 ரூபாய் வித்தியாசமும் அல்காரிதம் பாடமும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்ட அரங்கில், பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்கள் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அல்காரிதம் பாடத்தைப் பத்தி நீங்கதான் பேசணும்" என்று நம் செயலாளர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பி.காம். படித்தவன். வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். சாஃப்ட்வேர் துறையில் இருப்பவர்கள் நம் குடியிருப்பில் ஒவ்வொரு தளத்திலும் இருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள் என்றேன். "உங்களுக்கே புரிஞ்சிருக்குன்னா பசங்களுக்குக் கண்டிப்பா புரியும் சார்" என்றார். கொஞ்சம் உறைத்தது. ஆனாலும் நியாயமான காரணம் என்று ஒப்புக்கொண்டேன்.

நான் இந்தப் பாடத்துக்குள் வந்ததே நம் குடியிருப்புப் பையன் ஒருவனால்தான். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன். ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மொட்டை மாடிப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தான். அல்காரிதம் பேப்பரில் அரியர். அப்பா மூன்று நாளாகப் பேசவில்லை. "எல்லா புரோகிராமையும் மனப்பாடம் பண்ணினேன் அங்கிள். கேள்வியில கொஞ்சம் மாத்திக் கேட்டுட்டாங்க. கை ஓடல" என்றான்.

எனக்கு என் கல்லூரிக் காலம் ஞாபகம் வந்தது. காஸ்ட் அக்கவுன்டன்சி கணக்குகளை நானும் அப்படித்தான் நெட்டுருப் போட்டேன். "புஸ்தகத்தைக் கொண்டா, என்னதான் இருக்குன்னு பார்ப்போம்" என்றேன். அன்று ஆரம்பித்தது. அடுத்த தேர்வில் அவன் தேறிவிட்டான். நான்தான் இன்னும் விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் பாடம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி கணினி அறிவியல் மாணவர்களுக்கு இது நான்காம் செமஸ்டரில் வருகிறது. வேறு சில பிரிவுகளில் மூன்றாம் செமஸ்டரிலேயே வந்துவிடும். தேடுவது, வரிசைப்படுத்துவது, இணைப்புப் படங்களில் வழி காண்பது, கணக்கைத் தீர்க்கும் உத்திகள், கடைசியாக எளிதில் தீராத கணக்குகள். மொத்தப் பாடமும் இவ்வளவுதான்.

அல்காரிதம் என்ற சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல் குவாரிஸ்மி என்ற அறிஞரின் பெயர்தான் லத்தீன் வாய்களில் மருவி அப்படி ஆனது. நம் நாட்டு எண்முறையில் கூட்டல் கழித்தல் போடுவது எப்படி என்று அவர் எழுதிய புத்தகம் வழியாகத்தான் அந்தப் பெயர் ஐரோப்பாவில் பரவியது. நம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் 'நெறிமுறை' என்று போட்டிருக்கிறார்கள். ஒரு வேலையை ஐயத்துக்கு இடமில்லாத படிகளாகப் பிரித்து, எப்போதாவது ஒரு கட்டத்தில் முடியும்படி எழுதி வைத்தால் அது அல்காரிதம். அதைக் கம்ப்யூட்டர்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. நாங்கள் கையால் செய்திருக்கிறோம்.

எப்படி என்று சொல்கிறேன். அப்போது எங்கள் கிளையில் கம்ப்யூட்டர் கிடையாது. சேமிப்புக் கணக்கு லெட்ஜர்களில் உள்ள பாக்கிகளையெல்லாம் எடுத்துக் கூட்டினால், ஜெனரல் லெட்ஜரில் இருக்கும் மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும். இதற்கு பேலன்சிங் என்று பெயர். ஒரு முறை ஒத்துப்போகவில்லை. 270 ரூபாய் குறைந்தது. நான்கு பேர் ஒரு வாரம் சாயங்காலம் உட்கார்ந்து முதலிலிருந்து திரும்பத் திரும்பக் கூட்டினோம். ஒவ்வொரு முறையும் அதே 270.

அப்போது வேறு கிளையிலிருந்து மாற்றலாகி வந்த மூத்த சூப்பர்வைசர் ஒருவர் கேட்டார்: "ஏம்பா, 270 என்கிற எண்ணையே யாரும் பார்க்கலையா?" எங்களுக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். 54-ஐ 45 என்று எழுதினால் வித்தியாசம் 9. 270-ம் 9-ஆல் வகுபடுகிறது. அது மூன்று 90. ஆகவே நூறாம் இடமும் பத்தாம் இடமும் மாறியிருக்கலாம். அந்த இரண்டு இலக்கங்களுக்கும் நடுவே வித்தியாசம் சரியாக 3 இருக்கும். "அந்த மாதிரி தொகையை மட்டும் பாருங்க. அப்படி எதுவும் கிடைக்கலைன்னா 270-ல் பாதி 135 எங்கேயாவது பற்றுக்குப் பதில் வரவில், வரவுக்குப் பதில் பற்றில் விழுந்திருக்கான்னு பாருங்க" என்றார்.

முக்கால் மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. செலானில் 1,410. லெட்ஜரில் 1,140. ஒரு சத்துணவு அமைப்பாளர் கட்டிய பணம். பதிவு செய்த கையெழுத்து யாருடையது என்றால், என்னுடையது. அந்தக் காலத்தில் 270 ரூபாய் என்பது அந்த அம்மாவுக்குச் சின்னத் தொகையில்லை. அவர் பணம் எடுக்க வந்து நாங்கள் "பாக்கி இல்லை" என்று சொல்லியிருந்தால்? இன்றைக்கும் நினைத்தால் சுருக்கென்று இருக்கிறது.

நாங்கள் நான்கு பேரும் சோம்பேறிகள் இல்லை. ஒரு வாரம் ராத்திரி எட்டு மணி வரை உழைத்தோம். எங்களிடம் இல்லாதது உழைப்பு அல்ல, வழி. அல்காரிதம் பாடம் அந்த வழியைத்தான் சொல்லிக்கொடுக்கிறது. எதைக் கொண்டு கேட்டாலும் இந்தப் பாடத்தில் கேள்விகள் மூன்றுதான். இந்த வழி எல்லாச் சமயத்திலும் சரியான விடை தருமா? எவ்வளவு நேரம் பிடிக்கும்? இதைவிட நல்ல வழி உண்டா?

தேடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். வங்கியில் வாடிக்கையாளர்களின் மாதிரிக் கையெழுத்து அட்டைகளைக் கணக்கு எண் வரிசையில் அடுக்கி வைத்திருப்போம். ஆயிரம் அட்டையில் ஒன்றைத் தேட முதலிலிருந்து புரட்ட மாட்டோம். நடுவில் ஒன்றை எடுப்போம். நமக்கு வேண்டிய எண் அதைவிடப் பெரியதா, சின்னதா? ஒரு பாதியை விட்டுவிடலாம். மறுபடி நடு. இப்படிப் போனால் ஆயிரம் அட்டையில் அதிகபட்சம் 10 முறை பார்த்தால் போதும். பத்து லட்சம் அட்டை என்றால் 20 முறை. நூறு கோடி என்றாலும் 30 முறைதான். சரக்கு ஆயிரம் மடங்கு பெருகும்போது வேலை வெறும் பத்துப் படி கூடுகிறது. பாடப் புத்தகத்தில் 'லாக் என்' என்று வருகிறதே, அதன் பொருள் இதுதான். பயப்படாதீர்கள், எத்தனை முறை பாதியாக்கலாம் என்ற கணக்கு அது.

ஆனால் ஒரு நிபந்தனை. அட்டைகள் வரிசையில் இருக்க வேண்டும். யாராவது ஒருவர் அவசரத்தில் ஓர் அட்டையை இடம் மாற்றிச் செருகிவிட்டால், வாடிக்கையாளர் கவுன்டரில் நிற்கும்போது "கையெழுத்தே காணோம்" என்று முழிக்க வேண்டியதுதான். எந்த வழிமுறைக்கும் அடியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அது உடைந்தால் வழியும் உடையும்.

சரி, வரிசைப்படுத்துவது எப்படி? ஒரு நாளின் வவுச்சர் 300 இருக்கிறது என்று வைப்போம். நானும் சக ஊழியரும் ஆளுக்கு 150 எடுத்துக்கொள்வோம். தனித்தனியே அடுக்குவோம். பிறகு இரண்டு அடுக்கையும் பக்கத்தில் வைத்து, மேலே இருக்கும் இரண்டு சீட்டில் எது சின்ன எண்ணோ அதை எடுத்துக் கீழே வைத்துக்கொண்டே போவோம். ஒரே ஓட்டத்தில் 300-ம் வரிசையாகிவிடும். அந்த 150-ஐயும் இரண்டு 75 ஆக்கி இதையே செய்யலாம். இப்படியே ஒற்றைச் சீட்டு வரை பிரித்துக்கொண்டு போனால் அதுதான் மெர்ஜ் சார்ட். 1945-ல் ஜான் வான் நாய்மன் கம்ப்யூட்டருக்காக இதை எழுதினார்.

இதனால் என்ன லாபம்? பத்து லட்சம் சீட்டுகளை ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டு அடுக்கினால் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி ஒப்பீடுகள். பிரித்துச் சேர்க்கும் முறையில் சுமார் 2 கோடிதான். ஒரு நொடிக்குப் பத்துக் கோடி ஒப்பீடு செய்யும் இயந்திரம் என்றால், முதல் முறைக்கு இரண்டே முக்கால் மணி நேரம். இரண்டாவது முறைக்கு ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. இயந்திரம் அதேதான். மாறியது வழி மட்டும்.

இனி, சரியா தவறா என்கிற கேள்வி. இங்கேதான் நம் மாடிப்படிப் பையன் முதலில் வழுக்கினான். "நாலு உதாரணம் போட்டுப் பார்த்தேன் அங்கிள், சரியா வருது" என்பான். நான் ஒரு கணக்குக் கொடுத்தேன். குறைந்த எண்ணிக்கையில் நாணயம் கொடுத்து ஒரு தொகையைத் தர வேண்டும். கேஷியர்கள் எல்லோரும் செய்வது, முடிந்த வரை பெரிய மதிப்பை முதலில் எடுப்பது. இதற்குப் பாடத்தில் கிரீடி என்று பெயர், பேராசை வழி. இன்றைய 500, 200, 100, 50, 20, 10 ரூபாய் நோட்டுகளுக்கு அது எப்போதும் சரியாகவே வரும்.

நம் தலைமுறை புழங்கிய சில்லறையை நினைத்துப் பாருங்கள். 25 பைசா, 20 பைசா, 10 பைசா, 5 பைசா எல்லாம் ஒரே காலத்தில் கையில் இருந்தன. 40 பைசா கொடுக்க வேண்டும். பெரியதை முதலில் எடுத்தால் 25, 10, 5 என மூன்று நாணயம். ஆனால் 20-ம் 20-ம் கொடுத்தால் இரண்டே போதும். பேராசை வழி தோற்றுவிட்டது. பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்ப எந்த வழி சரின்னு எப்படி அங்கிள் தெரியும்?" என்றான். அந்தக் கேள்வி வந்த நிமிஷமே அவன் பாதிக் கிணறு தாண்டிவிட்டான். ஆயிரம் உதாரணம் ஒத்துவந்தாலும் நிரூபணம் ஆகாது. ஒரே ஓர் எதிர் உதாரணம் போதும், வழி தவறு என்று காட்ட.

இதற்கான சரியான வழி எங்கள் லெட்ஜர் போலவே இருக்கும். சின்னத் தொகையிலிருந்து ஆரம்பித்து ஒரு பட்டியல் எழுதுங்கள். 5-க்கு 1 நாணயம், 10-க்கு 1, 15-க்கு 2, 20-க்கு 1, 25-க்கு 1, 30-க்கு 2, 35-க்கு 2. இப்போது 40. கடைசியாக வைக்கும் நாணயம் 25 என்றால் மீதி 15. 20 என்றால் மீதி 20. 10 என்றால் மீதி 30. 5 என்றால் மீதி 35. இந்த மீதிகளுக்கு எத்தனை நாணயம் என்பது பட்டியலிலேயே இருக்கிறது. மிகக் குறைவானது 20-க்கு உள்ள 1. அதோடு ஒன்று கூட்டினால் 2. ஒருமுறை போட்ட கணக்கை மறுபடி போடாதே, எழுதி வைத்துப் பார்த்துக்கொள் என்பதுதான் இதன் சாரம். ரிச்சர்ட் பெல்மன் 1950-களில் இதற்கு டைனமிக் புரோகிராமிங் என்று பெயர் வைத்தார். மாணவர்கள் அதிகம் பயப்படுவது இந்தப் பகுதிக்குத்தான். பெயர்தான் பெரிது. பட்டியல் போடத் தெரிந்தவர்களுக்கு இது சொந்த ஊர்.

அடுத்து வழி காண்பது. இங்கிருந்து சென்ட்ரல் போக உங்கள் போன் குறுகிய வழி காட்டுகிறதே, அதன் வேர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர் 1956-ல் கண்டுபிடித்த முறை. ஆம்ஸ்டர்டாமில் வருங்கால மனைவியோடு கடைவீதிக்குப் போய், களைத்து ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தபோது இருபது நிமிடத்தில் மனத்துக்குள்ளேயே போட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். காகிதமும் பேனாவும் இல்லாமல் யோசித்ததால்தான் அது எளிமையாக அமைந்தது என்பது அவர் கருத்து. அதே போல, எல்லா ஊர்களையும் குறைந்த செலவில் மின் கம்பியால் இணைப்பது எப்படி என்ற கேள்விக்கு 1926-ல் போரூவ்கா என்ற கணித அறிஞர் விடை கண்டார். செக் நாட்டின் மொராவியா பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் வேலையிலிருந்து எழுந்த கேள்வி அது. பாடப் புத்தகத்தில் வெறும் புள்ளியும் கோடுமாகத் தெரிவதெல்லாம் ஒரு காலத்தில் யாரோ ஒருவருக்கு உண்மையான தேவையாக இருந்தது.

கடைசிப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. எளிதில் தீராத கணக்குகள். தண்ணீர் லாரிக்காரர் 10 இடங்களுக்குப் போய்த் திரும்ப வேண்டும். எந்த வரிசையில் போனால் தூரம் குறைவு? எல்லா வரிசையையும் போட்டுப் பார்க்கலாம்: 36,28,800 வரிசைகள். கம்ப்யூட்டர் கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும். 20 இடம் என்றால்? 24-க்குப் பின்னால் 17 சைபர் போட வேண்டும். அதே பத்துக் கோடி வேக இயந்திரத்துக்கு எழுநூறு வருடத்துக்கு மேல் ஆகும். இதைவிடக் கெட்டிக்கார முறைகள் உண்டு. ஆனால் இடங்கள் எவ்வளவு பெருகினாலும் எப்போதும் விரைவாகச் சரியான விடை தரும் முறை இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. ஸ்டீபன் குக் 1971-ல் இந்தக் கேள்வியைத் தெளிவாக வடித்துக் கொடுத்தார். 2000-ல் அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் இதற்கு 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. பரிசு இன்னும் அப்படியே இருக்கிறது. இரண்டாம் வருடப் பாடப் புத்தகத்திலேயே உலகத்துக்கே விடை தெரியாத ஒரு கேள்வி இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

பெற்றோர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்று உண்டு. "இப்பதான் ஏ.ஐ. எல்லா புரோகிராமையும் எழுதிக் குடுத்துடுதே, இதை ஏன் சார் படிக்கணும்?" எங்கள் கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது கூட்டல் வேலை போய்விட்டது. வித்தியாசம் வந்தால் எங்கே தேடுவது என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் மரியாதை குறையவில்லை. எழுதிக் கொடுப்பது யாராக இருந்தாலும் இருக்கட்டும். இது 40 பைசாவுக்கும் சரியாக வருமா, பத்து லட்சம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் தாங்குமா என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். கேட்கத் தெரியாதவர், கொடுத்ததை வாங்கி வைத்துக்கொள்வார். வங்கியில் அப்படி வாங்கி வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். 1,410 எப்போது 1,140 ஆனது என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

எப்படிப் படிப்பது? எனக்குப் பலித்ததைச் சொல்கிறேன். சீட்டுக் கட்டிலிருந்து எட்டுச் சீட்டை எடுத்துக் கலைத்து, ஒவ்வொரு முறையையும் கையால் செய்யுங்கள். ஒப்பீட்டை எண்ணிக்கொண்டே வாருங்கள். பிறகு பதினாறு சீட்டு. எண்ணிக்கை எப்படி வளர்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு சூத்திரத்தைத் திறங்கள். புரோகிராம் எழுதுவது கடைசி. ஒரு முறையைப் படித்ததும் அது எங்கே தோற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சென்னை கணிதவியல் கழகப் பேராசிரியர் மாதவன் முகுந்த் இதே பாடத்தை எட்டு வாரமாக நடத்தியிருக்கிறார். என்.பி.டி.இ.எல். தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆங்கிலம்தான், ஆனால் நிதானமான ஆங்கிலம். எனக்கே புரிந்தது, புரியாத இடத்தில் நிறுத்தி மறுபடி போட்டுப் பார்த்தேன். ஆழமாகப் போக விரும்புபவர்களுக்குக் கார்மென் முதலானோர் எழுதிய பெரிய புத்தகம் இருக்கிறது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். முழுதும் படிக்க வேண்டியதில்லை. முதல் சில அத்தியாயங்களே நிறையச் சொல்லும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை மார்க் என்று கேட்பதற்கு முன்னால், "இன்னிக்கு என்ன படிச்சே, எனக்குச் சொல்லு பார்ப்போம்" என்று ஒருமுறை கேளுங்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்ல வந்துவிட்டால் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. சொல்ல வரவில்லை என்றால் திட்டாதீர்கள். மூன்று நாள் பேசாமலும் இருக்காதீர்கள். எங்கே இடறுகிறது என்று கூட உட்கார்ந்து தேடுங்கள். தேடுவதற்கு வழி இருக்கிறது என்பதைத்தானே இவ்வளவு நேரம் பேசினோம்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நம் நூலக அறையில் இருப்பேன். சீட்டுக் கட்டு என்னிடம் இருக்கிறது. செல்லாமல் போன 25 பைசா, 20 பைசா நாணயங்களும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். அந்தப் பையனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். டைனமிக் புரோகிராமிங் இனி அவன்தான் நடத்துவானாம்.